தடைக்காலத்தில் வளரும் ரேகை

நியாயவிலைக் கடை என்று பெயர். அங்கே அரிசிக்கு விலையே கிடையாது. குடும்ப அட்டை என்று பெயர். அதை வைத்திருப்பவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் குடும்பம் என்று சொல்லத்தக்கது எதுவும் கிடையாது. காசிமேட்டில் மீன் வெட்டும் புஷ்பவல்லிக்கு முதல் முரணில் புகார் இல்லை. இரண்டாவதால்தான் தொல்லை. அவரே துடைப்பத்தால் அடித்துத் துரத்திய கணவர், மாதத்தில் ஒரு நாள், அரசாங்கத்தின் தயவால் அவர் வீட்டுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தார்.

துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வரும் வழியில் பெண்கள் வரிசையாகக் கட்டையும் கத்தியுமாக உட்கார்ந்திருப்பார்கள். வஞ்சிரத்தைத் துண்டு போடுவது, சங்கராவைச் செதில் சுரண்டுவது, இறாலை, அவர்கள் பேச்சில் எறாவை, உரித்துக் குடல் எடுப்பது அவர்கள் வேலை. புஷ்பவல்லி இருபத்தெட்டு வருடங்களாக அங்கே உட்கார்ந்திருக்கிறார். ஐஸ் தண்ணீர், உப்பு, எறாவின் கொம்பு மூன்றும் சேர்ந்து அவர் விரல் நுனிகளைத் தேய்ந்த சோப்புக் கட்டி போல ஆக்கிவிட்டன. கடையில் கைரேகை பார்க்கும் மிஷின் வந்த நாளிலிருந்து அவருடைய எந்த விரலையும் அது ஏற்றுக்கொண்டதில்லை. கடையின் விற்பனையாளர் பவானி பொறுமைசாலி. பத்து விரல்களையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துவிட்டார். பத்துக்கும் ஒரே பதில்.

"அக்கா, உன் கையில ஒண்ணுமே இல்லியே" என்றார் பவானி.

"இருபத்தெட்டு வருசமா அதைத்தான் நானும் சொல்லிகினு கீறேன்" என்றார் புஷ்பவல்லி.

மகள் சினேகா வீட்டில் இருந்தவரை பிரச்சினை இல்லை. அவள் விரலை வைப்பாள், அரிசி வரும். போன வருடம் தைக்குப் பிறகு சினேகாவுக்கு வள்ளூரில் கல்யாணம் ஆயிற்று. பெயரும் அட்டையிலிருந்து எடுக்கப்பட்டுப் புகுந்த வீட்டு அட்டைக்குப் போயிற்று. அட்டையில் மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் புஷ்பவல்லி. இன்னொருவர், குடும்பத் தலைவர் என்ற இடத்தில் புகைப்படத்தோடு, எத்திராஜ்.

எத்திராஜ் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். கடல் மட்டும் ஒத்துக்கொள்ளாது. மூன்று முறை படகில் ஏறினார், மூன்று முறையும் வாந்தி எடுத்தே கரை சேர்ந்தார். அதன்பின் கரையிலேயே இருந்துவிட்டார். சும்மா இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கேரம் கிளப்பை நடத்தினார். சாவு வீடுகளில் நாற்காலி போடும் இடத்தை முடிவு செய்தார். பஞ்சாயத்துகளில் இரு தரப்புக்கும் பொதுவாக நின்று இரு தரப்பிடமும் திட்டு வாங்கினார். வேலை என்று எதையும் கையால் தொடவில்லை, அவ்வளவுதான்.

அவரைத் துரத்தியதற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. ஒருநாள் விடியுமுன் போய்ப் பன்னிரண்டு மணி வெயிலில் திரும்பிய புஷ்பவல்லி, மின்விசிறிக்கு நேராகப் படுத்திருந்தவரைக் கொஞ்சம் தள்ளிப் படுக்கச் சொன்னார். "இரு, இன்னும் ரெண்டே ஓவர்" என்றார் எத்திராஜ், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். புஷ்பவல்லி துடைப்பத்தை எடுத்தார். அதற்கு முன் இருபது வருடங்கள் பொறுத்தவர் இரண்டு ஓவருக்குப் பொறுக்கவில்லை. எத்திராஜ் காலடிப்பேட்டையில் தங்கை வீட்டு மொட்டை மாடி அறைக்குப் போய்ச் சேர்ந்தார். ஏழு வருடங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. வழக்கு, வக்கீல் எதுவும் கிடையாது. பெயரை எடுக்கவும் யாரும் மெனக்கெடாததால், அட்டையில் மட்டும் அவர்கள் சேர்ந்தே இருந்தார்கள்.

சினேகாவின் பெயர் நீங்கிய மாதம் மிஷின் அந்த அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டது. புஷ்பவல்லியின் விரல் ஏறாது. கண்ணைப் பார்க்கும் கருவி அந்த வட்டாரத்தில் எந்தக் கடைக்கும் இன்னும் வரவில்லை. போனுக்கு ஓர் எண் அனுப்பி அதைச் சொல்லச் சொல்வார்கள். அட்டையில் இருந்த போன் நம்பர் எத்திராஜ் எப்போதோ தொலைத்த சிம்முடையது. நம்பரை மாற்றலாம்; மாற்றத் தலைவர் வர வேண்டும். பவானி இரண்டு மாதம் நோட்டில் எழுதி அரிசி போட்டார். மூன்றாவது மாதம் முடியாது என்று சொல்லிவிட்டு, தயங்கித் தயங்கி ஒரு யோசனையும் சொன்னார்.

"உங்க வூட்டுக்காரரைக் கூப்பிடேன்கா. விரலை மட்டும் வெச்சிட்டுப் போவட்டும்."

எத்திராஜ் வந்தார். சினேகா போனில் சொல்ல, முகம் மழித்து, சட்டை தேய்த்து வந்தார். கட்டை விரலை வைத்தார். மிஷின் மறுபேச்சில்லாமல் பச்சை காட்டியது. ஐம்பத்தெட்டு வயதுவரை எந்தச் சேதமும் இல்லாமல் காப்பாற்றப்பட்ட ரேகை அது. பாடப் புத்தகத்தில் படம் போடலாம். உழைத்துத் தேய்ந்த கையை யாரென்று கேட்ட மிஷின், உழைக்காத கையை வாருங்கள் என்றது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாத்தியா புஷ்பா, ஒரே வெய்ப்பு" என்றார் எத்திராஜ்.

"பதினாறு கிலோவைத் தூக்கு. பேசாத வா" என்றார் புஷ்பவல்லி. ஏழு வருடங்களுக்குப் பிறகு அவர் கணவரிடம் பேசிய முதல் பேச்சு அதுதான்.

முதல் மாதம் மூட்டையை வாசலில் வைத்துவிட்டுப் போனார். இரண்டாம் மாதம் தண்ணீர் கேட்டார். நான்காம் மாதம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டார், புளி கொஞ்சம் தூக்கல் என்று கருத்தும் சொன்னார். ஏழாம் மாதம் ஆணியில் ஒரு சட்டை தொங்கியது. பத்தாம் மாதம் சவர செட்டு வந்தது. அலுவலகத்துக்குப் போய்ப் போன் நம்பரை மாற்றச் சொன்னபோதெல்லாம் அடுத்த மாதம் என்றார். தெருவில் ஆட்கள் "இன்னாமே, மாப்ளை வந்துட்டாரா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பக்கத்துக் கட்டையில் மீன் வெட்டும் சீனியம்மாள் ஒருநாள் எறாவை உரித்தபடியே சொன்னார்: "பாத்துக்கோ புஷ்பா. மொதல்ல விரலு உள்ள வரும். அப்பாலிக்கா ஆளு வரும்."

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, கை கழுவிக்கொண்டே எத்திராஜ் அதைச் சொல்லியும் விட்டார். "மாசா மாசம் காலடிப்பேட்டைல இருந்து வந்துகினு போய்கினு... இன்னாத்துக்கு? இங்கியே இருந்துட்டா ஒரே வேலையா போச்சி."

புஷ்பவல்லி சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போட்டார். மே மாதம் எத்திராஜ் விரலை வைக்க வேண்டும், ஜூன் மாதமும் வைக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்ல ஒரு வாய் போதும். அரிசிக்கு விரல் வேண்டும். அன்றிலிருந்து புஷ்பவல்லிக்கு ஒரே கவலைதான். இந்த ஆள் இல்லாமல் அரிசி வாங்க வேண்டும்.

வழி அரசாங்கத்திடமிருந்தே வந்தது, வேறொரு துறையிலிருந்து. ஏப்ரல் பதினைந்திலிருந்து ஜூன் பதினான்குவரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரித்து வளரட்டும் என்று அறுபத்தொரு நாள் தடை. துறைமுகம் ஓய்ந்துவிடும், மீன் வெட்டும் பெண்கள் வீட்டில் இருப்பார்கள். புஷ்பவல்லி சும்மா இருக்கத் தெரியாமல் தினமும் கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மே மாதம் கடையில் அரிசி வந்துவிட்டதென்று கேள்விப்பட்டு, எத்திராஜ் வரும் சனிக்கிழமைக்கு ஒரு நாள் முன்பாகவே, சும்மா வைத்துப் பார்ப்போமே என்று போனார்.

பச்சை.

பவானி மிஷினை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி பார்த்தார். "அக்கா! ரேகை வந்திருச்சிக்கா!"

மீன் வளரட்டும் என்று போட்ட தடையில் புஷ்பவல்லியின் ரேகையும் வளர்ந்திருந்தது. அவருக்கு வேலை இல்லாத இரண்டு மாதங்களில் மட்டும் மிஷின் அவரை ஆளாக மதித்தது. பதினாறு கிலோவைத் தானே இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

சனிக்கிழமை எத்திராஜ் வந்தார். அரிசி மூட்டை சமையலறையில் இருந்தது. அதைப் பார்த்துக் கேட்டார்.

"யாரு வெச்சா?"

"நான்தான்."

"உனுக்குத்தான் ஏறாதே."

"இப்போ ஏறுது."

எத்திராஜ் நாற்காலியில் உட்காரவில்லை. "அப்போ நான் எதுக்கு வந்தேன்?" என்று கேட்டார். அதற்குப் பதில் அவருக்கே தெரிந்திருக்கலாம். ஆணியிலிருந்த சட்டையையும் சவர செட்டையும் புஷ்பவல்லி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

ஆனால் படகுகள் கிளம்பினால் ரேகை மறுபடி போய்விடும் என்பது இருவருக்கும் தெரியும். எத்திராஜுக்கு அது நம்பிக்கை. புஷ்பவல்லிக்கு அது கெடு. அவர் பவானியிடம் போய் உட்கார்ந்து, நிரந்தரமாக என்ன வழி என்று கேட்டார். பவானி கணக்கைச் சொன்னார். இரண்டு பேர் உள்ள அட்டைக்குப் பதினாறு கிலோ. ஒரே ஆள் அட்டைக்குப் பன்னிரண்டு. ஆகவே புஷ்பவல்லி அந்த அட்டையிலிருந்து பெயரை எடுத்துத் தனி அட்டை வாங்கினால், அவருக்குப் பன்னிரண்டு, எத்திராஜுக்குப் பன்னிரண்டு.

"சேந்து இருந்தா பதினாறு. பிரிஞ்சா இருவத்தி நாலா?" என்றார் புஷ்பவல்லி. "இது தெரிஞ்சா ஊர்ல ஒருத்தியும் புருசன் கூட இருக்க மாட்டாளே."

புது அட்டையில் அவருடைய போன் நம்பரைக் கொடுத்துவிட்டால், ரேகை தேய்ந்த மாதங்களில் போனுக்கு வரும் எண்ணைச் சொன்னால் போதும். ஒரே ஒரு முறை அவர் விரல் ஏற வேண்டும், விண்ணப்பத்தின்போது. பழைய அட்டையின் தலைவரும் கூட இருக்க வேண்டும். இரண்டாவது சனிக்கிழமைதோறும் உணவுப் பொருள் வழங்கல் உதவி ஆணையர் அலுவலகத்தில் குறை கேட்கும் முகாம், பத்து மணி முதல் ஒரு மணி வரை. மே முகாம், புஷ்பவல்லியின் ஆதாரில் பழைய வீட்டு முகவரியைத் திருத்தி வா என்பதோடு முடிந்தது. அடுத்த முகாம் ஜூன் பதினான்கு. தடைக்காலத்தின் கடைசி நாள். அதற்கடுத்தது ஜூலையில், அதற்குள் ஒரு மாத எறா அவர் விரலைத் தின்றிருக்கும்.

சினேகா அப்பாவிடம் போனில் பேசினாள். பதினாலாம் தேதி காலை ஒன்பதரைக்கு அலுவலக வாசலுக்கு வந்துவிடுவதாக எத்திராஜ் ஒத்துக்கொண்டார்.

பதினாலாம் தேதி பத்தரை வரை வரவில்லை. போன் எடுக்கவில்லை. பதினொன்றுக்கு சினேகாவிடமிருந்து செய்தி வந்தது: நைனாவுக்கு வயிற்று வலியாம்.

புஷ்பவல்லி ஷேர் ஆட்டோ பிடித்துக் காலடிப்பேட்டைக்குப் போனார். தங்கை வீட்டு மாடிப்படியை ஏறியபோது எத்திராஜ் சட்டை தேய்த்து, முகம் மழித்து, கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வயிற்றில் கை வைக்க மறந்துவிட்டார்.

"வலி எங்க?" என்றார் புஷ்பவல்லி.

"இப்போ கொஞ்சம் பரவால்ல."

"கெளம்பு. ஒரு மணிக்கு மூடிடுவான்."

எத்திராஜ் எழுந்திருக்கவில்லை. "புஷ்பா, ஒண்ணு சொல்லட்டா? மாசத்துல ஒரு நாளு எனுக்கு வேலை கீது. அன்னிக்கு நான் போவலன்னா அங்க ஒண்ணும் நடக்காது. கடையில எழுந்து வழி வுடுறாங்க. எத்திராஜ் அண்ணே வந்துட்டாருன்றாங்க. அதையும் புடுங்கிக்கிறியா?"

"கட்டை விரலை நீட்றது ஒரு வேலையா?"

"உனுக்கு முடியலியே?"

புஷ்பவல்லி வாசல்படியில் உட்கார்ந்தார். கோபமாகப் பேசியிருந்தால் எத்திராஜுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் நிதானமாகப் பேசினார்.

"உன் அட்டை உங்கிட்டியே இருக்கும்யா. தலைவர் நீதான். உன் பன்னெண்டு கிலோ உனுக்கு. என் அரிசிக்கு என் விரலு போதும்னு இருக்கணும். நாளைக்கு நீ இல்லன்னா நான் யாரு வூட்ல போய் நிப்பேன்? நீ வர்றதும் வராததும் வேற பேச்சு. அரிசிய சாக்கு வெச்சி வராத. அவ்ளோதான்."

எத்திராஜ் தன் கட்டை விரலைப் பார்த்தார். பிறகு செருப்பைத் தேடினார்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டேகால். வரிசையில் முன்னால் ஒன்பது பேர். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதிகாரி களைத்திருந்தார், ஆனால் ஒழுங்காகக் கேட்டார்.

"ரெண்டு பேரும் பிரிஞ்சு இருக்கீங்களா? எத்தனை வருஷமா?"

"எட்டு முடிஞ்சிச்சும்மா."

"கோர்ட் ஆர்டர் ஏதாவது இருக்கா?"

"கோர்ட்டுக்கெல்லாம் போவலம்மா. தொடப்பக் கட்டையாலயே ஆர்டர் போட்டுட்டேன்."

அதிகாரி நிமிர்ந்து எத்திராஜைப் பார்த்தார். எத்திராஜ் ஆமாம் என்று தலையாட்டினார். உறுதிமொழி எழுதி வாங்கிக்கொண்டார்கள். தலைவரின் விரலைக் கேட்டார்கள்; எத்திராஜ் வைத்தார்; பச்சை. அடுத்து புஷ்பவல்லி கட்டை விரலை வைத்தார்.

சிவப்பு.

ஆள்காட்டி விரல், சிவப்பு. இடது கை, சிவப்பு.

"போன வாரம்தான் கடையில ஏறிச்சும்மா!" என்றார் புஷ்பவல்லி. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அலுவலகத்துக்குப் போகிறோம், பெரிய அதிகாரி முன்னால் உட்காரப் போகிறோம், கை நாறக் கூடாது என்று காலையில் புளியும் கல் உப்பும் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருந்தார். மீன் வாடை போக அந்தப் பெண்கள் எல்லோரும் செய்வதுதான், விசேஷத்துக்குப் போகுமுன் செய்வது. இரண்டு மாதமாக அந்தக் கை மீனைத் தொடவே இல்லை; வாடை எங்கிருந்து வரும்? ஆனால் விசேஷம் என்றதும் கை தானாகப் புளிப் பானைக்குப் போய்விட்டது. இரண்டு மாதம் எண்ணெய் தடவி வளர்த்த ரேகை, மரியாதைக்காக அரை மணி நேரத்தில் போயிருந்தது. விரல் நுனிகள் சிவந்து பளபளத்தன.

"அடுத்த மாசம் வாங்கம்மா" என்றார் அதிகாரி. மணி பன்னிரண்டு ஐம்பது.

"அடுத்த மாசம் எனுக்கு விரலே இருக்காதும்மா" என்றார் புஷ்பவல்லி. பின்னால் நின்றவர்கள் நகரச் சொன்னார்கள்.

பேசாமல் ஒதுங்கி நின்ற எத்திராஜ் முன்னால் வந்தார். இப்போது பேசாமல் இருந்தாலே போதும், அவர் பக்கம் ஜெயித்துவிடும். அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

"மேடம், ஒரு நிமிசம். நாந்தான் மாசா மாசம் வெக்கிறவன், எனுக்குத் தெரியும்" என்றார். பிறகு மனைவியிடம் திரும்பி, "ஏன்மே இப்படி அமுக்குற? மீன் தலையா அது? லேசா வெய்யி. மொதல்ல விரல் மேல வாயால ஊது, ஆவி படணும். காஞ்ச விரலு ஏறாது. கத்தி புடிக்கும்போது எந்த விரலு சும்மா கீது?"

புஷ்பவல்லி காற்றில் கத்தி பிடித்துப் பார்த்தார். வலது கைச் சுண்டு விரல் பிடியில் சேராமல் தனியே நீட்டிக்கொண்டு நின்றது. காலையில் புளியைத் தேய்த்தபோதும் அது அப்படியேதான் தள்ளி நின்றிருக்க வேண்டும். அந்த உடம்பில் உழைப்புக்கு வராத ஒரே உறுப்பு. சீசனில் ஐஸ் தண்ணீர் அதையும் விடாது. தடைக்காலத்தில் மட்டும் அது முழு சௌக்கியமாக இருந்தது.

"அதான். அதை வெய்யி" என்றார் எத்திராஜ்.

ஊதினார். லேசாக வைத்தார். மிஷின் யோசித்தது. பச்சை.

"சும்மா கீறதுக்கும் ஒரு மருவாதி கீது, பாத்தியா?" என்றார் எத்திராஜ், யாரிடம் என்றில்லாமல். அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு முத்திரையைத் தேடினார். பதினான்கு மாதங்களில் கற்ற ஒரே தொழிலை எத்திராஜ் அன்று முழுமையாகச் செய்து முடித்தார். அதோடு வேலையும் போயிற்று.

தனிச் சமையல் இருக்கிறதா என்று பார்க்க ஜூலையில் ஓர் அலுவலர் வீட்டுக்கு வந்தார். அடுப்பைப் பார்த்தார், எழுதிக்கொண்டார், சங்கரா எந்தக் கிழமை மலிவு என்று கேட்டுவிட்டுப் போனார். ஆகஸ்ட் கடைசியில் புது அட்டை வந்தது. குடும்பத் தலைவர்: புஷ்பவல்லி. உறுப்பினர்கள்: புஷ்பவல்லி.

செப்டம்பர் முதல் சனிக்கிழமை அவர் கடைக்குப் போனபோது விரல்கள் பத்தும் பழையபடி வழவழப்பாகியிருந்தன. போனுக்கு எண் வந்தது. கண்ணுக்குத் தூரமாகப் பிடித்துச் சத்தமாக ஒவ்வோர் இலக்கமாக வாசித்தார். பன்னிரண்டு கிலோவைப் பவானி அளந்து போட்டார். இரண்டு பேருக்குப் பின்னால் வரிசையில் எத்திராஜ் நின்றிருந்தார்.

"இங்க இன்னாத்துக்கு வந்த? காலடிப்பேட்டைல கடை இல்ல?"

"எந்தக் கடையிலயும் வாங்கலாம், ரூல் கீது. நான் இன்னா உன்னைப் பாக்கவா வந்தேன்? என் அரிசி வாங்க வந்தேன்." தன் அட்டையை எடுத்துக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார். ஆனால் வரிசையில் எல்லோருக்கும் கேட்டது. "தங்கச்சி 'உன் அரிசிய நீயே வடிச்சிக்கோ'ன்னுடுச்சி. ஒரு ஆழாக்குக்கு எவ்ளோ தண்ணி வெக்கணும்?"

அறுபதை நெருங்கிய ஆள் அப்படிக் கேட்டதற்கு வரிசை சிரித்தது. புஷ்பவல்லி சிரிக்கவில்லை. மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டே சொன்னார்:

"புழுங்கலா, பச்சையா?"

எத்திராஜ் பவானியைப் பார்த்தார். "புழுங்கல்" என்றார் பவானி.

"மூணு தபா நல்லா கழுவு. அரை மணி ஊற வெய்யி. அளவெல்லாம் வேணாம், நெறைய தண்ணி வெய்யி. கொதிச்சப்பறம் ஒரு பருக்கைய எடுத்து நசுக்கிப் பாரு, நடுவுல வெள்ளையா இருந்தா வேவல. வடிக்கிறப்போ துணியப் புடிச்சிக்கோ, கைய சுட்டுக்காத."

சொல்லிவிட்டு, வெயில் ஏறுமுன் கட்டைக்குத் திரும்ப வேண்டும் என்று வேகமாக நடந்தார். எத்திராஜ் தன் முறை வந்ததும் கட்டை விரலை ஊதி, லேசாக வைத்தார்.